கடினமாக்கக் கடினமாக்கக் கெட்டுப்போன குண்டு: 1873 வின்செஸ்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் துப்பாக்கியை நான் நேரில் பார்த்ததில்லை, தொட்டதும் இல்லை. அது பிரான்சில் இருக்கிறது. நான் கடலூர் முதுநகரில் இருக்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு லேத் பட்டறை. படகு எஞ்சின் பேரிங்குக்கு வொயிட் மெட்டல் என்கிற ஈயக் கலவையை ஊற்றிக் கடைந்து கொடுப்பதுதான் முப்பது வருஷமாக எனக்குச் சோறு போடுகிற வேலை. துப்பாக்கி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மச்சான் சொல்லிக் கேட்டதும், அவன் கேள்விக்குப் பதில் தேடப் போய்ப் படித்ததும்தான். ஆனால் ஈயம் பற்றித் தெரியும். அவன் கொண்டுவந்த சிக்கல் கடைசியில் ஈயத்தின் சிக்கலாகவே முடிந்தது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. புதுச்சேரிக் குடும்பம், தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர்கள். சொந்தத்தில் இரண்டு பேர் ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வது. இவன் ராணுவத்துக்குப் போகவில்லை. பாரிசுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மின்சார வேலை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து ஆறு வாரம் இருப்பான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குப் பழைய துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. அங்கே அது நடக்கிற காரியம். 2013-ல் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுச் சட்டப்படி, 1900-க்கு முன்பு வடிவமைத்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றை வயது வந்த எவரும் வைத்துக்கொள்ளலாம். அவன் வாங்கியது 1880-களில் செய்த ஒரு வின்செஸ்டர் 1873 ரைஃபிள். எட்டுப்பட்டைக் குழல், 24 அங்குல நீளம், 44-40 தோட்டா.

அந்த எண்ணின் கதை சுவாரசியமானது. 44 என்பது குண்டின் பருமனை, அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கில், தோராயமாகச் சொல்வது. 40 என்பது கருமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். குண்டு 200 கிரெயின், அதாவது 13 கிராம். பெயரில்தான் 44. உண்மையில் குண்டின் விட்டம் 0.427 அங்குலம் என்று புத்தகங்கள் போடும். இந்த 0.427-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழப்பமும் இதில்தான் தொடங்கியது.

நோய்

போன வருஷம் ஜனவரியில் அவன் வந்தபோது கையில் ஒரு குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் எழுதிவைப்பான். தேதி, எந்த ஈயம், எந்த மெழுகு, 50 மீட்டரில் குறித்தாள் எப்படி இருந்தது, எல்லாம். மின்சாரக்காரன் புத்தி. அந்தக் குறிப்பேடு மட்டும் இல்லை என்றால் இந்த ஆய்வே இல்லை.

புகார் இதுதான். குண்டைத் தானே வார்த்து, தானே தோட்டா நிரப்பிச் சுடுகிறான். தாளில் ஓட்டை வட்டமாக விழாமல் நீள்வட்டமாக விழுகிறது, சாவித்துவாரம் மாதிரி. குண்டு தலையை நேராக வைத்துப் போகாமல் புரண்டுகொண்டு போகிறது என்று அதற்கு அர்த்தம். சுட்டு முடித்துக் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் உள்சுவரில் வெள்ளி ஜரிகை மாதிரி ஈயம் ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது.

“மாமா, ஈயம் மெத்துனு இருக்கறதாலதான் குழல்ல ஒட்டுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கெட்டியாக்கிப் பார்த்தேன். இன்னும் மோசமா போச்சு.”

சூட்கேஸில் நாலைந்து குண்டும், அதை வார்க்கிற அச்சும் எடுத்துவரட்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டிருந்தான். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் ஆயுதச் சட்டம் 1959-ல் ‘அம்யுனிஷன்’ என்ற சொல்லுக்குள் தோட்டாவின் பாகங்களும் வரும், அதைச் செய்கிற கருவியும் வரும். தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பவர்கூட வீட்டில் உட்கார்ந்து தோட்டா நிரப்பிவிட முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஏழு வருஷத்தில் தொடங்கி ஆயுள் வரைக்கும் போகும். முள்ளோடை செக்போஸ்ட்டில் பாட்டிலைத்தான் தேடுவார்கள் என்றாலும், விமான நிலையத்தில் அப்படி இல்லை. அதனால் இங்கே நாங்கள் ஒரு குண்டும் வார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் குறிப்பேடும் போட்டோவும்தான். செய்ததெல்லாம் அவன் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, அங்கே.

அவன் செய்து பார்த்த வைத்தியம்

குறிப்பேட்டை முத்தியால்பேட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு சாயங்காலம் புரட்டினோம். வைத்தியத்தை மூன்று கட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கட்டத்தில் பழைய கூரையில் இருந்து கழற்றிய ஈயத்தகட்டை உருக்கி வார்த்திருக்கிறான். கிட்டத்தட்ட சுத்தக் காரீயம், நகத்தால் கீறினாலே கோடு விழும். அச்சில் இருந்து வந்த குண்டை 0.427 அளவுக்கு இறுக்குகிற ஒரு டையில் விட்டு எடுத்து, குழலில் வழுக்கிப் போவதற்காகக் கடையில் வாங்கிய கெட்டி நீல மெழுகைப் பூசியிருக்கிறான். முதல் மூன்று நாலு வெடி நன்றாக இருந்திருக்கிறது. எட்டாவதில் இருந்து சிதறல்.

இரண்டாம் கட்டத்தில், ‘கெட்டியாக்கு’ என்ற அறிவுரையைக் கேட்டு, மூடிப்போன ஓர் அச்சகத்தில் இருந்து எழுத்து வார்க்கிற லைனோடைப் உலோகத்தை எடைக்கு வாங்கியிருக்கிறான். அங்கே காரின் சக்கரத்தில் அடிக்கிற ஈய எடைக்கட்டி கிடைப்பதில்லை. ஐரோப்பாவில் 2005-லேயே அதைப் புதுக் கார்களில் நிறுத்திவிட்டார்கள், இப்போது வருவது துத்தநாகம். அதனால் அச்சு உலோகம். அதில் ஈயத்தோடு ஆன்டிமனி 11, 12 சதவீதமும் வெள்ளீயம் 4 சதவீதமும் இருக்கும். பிரினெல் கடினத்தில் சுத்த ஈயம் 5 என்றால் இது 22. ஓவியப் பென்சிலை வைத்துக் கீறிப் பார்த்தானாம், மெத்தென்ற பி வகை எதுவும் கீறவில்லை. இந்தக் குண்டு முதல் வெடியில் இருந்தே புரண்டது.

மூன்றாம் கட்டம் பயத்தில் செய்தது. மருந்தைக் குறைத்தான். அது தோட்டாவையே கெடுத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை எல்லாம் கேட்டதும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, “ஈயம் குழல்ல எந்த இடத்துல ஒட்டியிருந்துச்சு?” என்பதுதான். பேரிங் விஷயத்திலும் அப்படித்தான். மெட்டல் எரிந்துபோயிருந்தால் எந்தப் பக்கம் எரிந்தது என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். அவன் பக்கங்களைத் திருப்பினான். போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தது, ஆனால் அவன் கவனிக்கவில்லை. முதல் கட்டத்தில் ஈயம் ஒட்டியது குழலின் வாய்ப்பக்கம். இரண்டாம் கட்டத்தில் தோட்டா உட்காரும் அறைக்குப் பக்கத்தில், முதல் பத்து சென்டிமீட்டருக்குள்.

வாய்ப்பக்கம் ஒட்டினால் மெழுகு பாதிவழியில் தீர்ந்துபோகிறது. அறைப்பக்கம் ஒட்டினால் குண்டு குழலை அடைக்கவில்லை. பின்னால் இருந்து வருகிற நெருப்புக் காற்று குண்டைச் சுற்றி முன்னால் ஓடி, அதன் ஓரத்தைக் கரைத்துச் சுவரில் அப்புகிறது. இது எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆக, அவன் ஒரே நோய் என்று நினைத்தது இரண்டு நோய். ஒன்றுக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றைக் கிளப்பிவிட்டது.

பட்டறையில் ஒரு காலை

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. “கெட்டியான உலோகம் எப்படி மாமா கரையும்?” என்றான். மறுநாள் முதுநகருக்கு வரச் சொன்னேன்.

பட்டறையில் ஓர் இரும்புக் கட்டையில் சரியாக ஒரு அங்குலத்துக்கு இரண்டு துளை கடைந்து வைத்திருந்தேன். ஒன்றில் வலைக்குக் கட்டுகிற ஈயம். தேவனாம்பட்டினத்து ஆள் ஒருவர் கொடுத்த பழைய வலை ஈயம், உப்பேறி வெளுத்துப்போனது. அதை உருக்குவதற்கு முன்னால் தணலுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் காயவைத்தேன். ஈரத்தோடு ஒரு துண்டு கொதிக்கிற ஈயத்துக்குள் போனால் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகிச் சட்டி முழுவதும் மூஞ்சிக்கு வரும். என் இடது முன்கையில் அதற்கு அத்தாட்சி இருக்கிறது. இன்னொரு துளையில் எங்கள் வொயிட் மெட்டல்: ஈயம் 75, ஆன்டிமனி 15, வெள்ளீயம் 10.

கட்டையை முதலில் சூடாக்கினேன். சில்லென்ற இரும்பில் ஊற்றினால் உலோகம் கிழவி முகம் மாதிரி சுருக்கம் சுருக்கமாக விழும். ரொம்பச் சூடானால் மேலே உறைபனி பூத்த மாதிரி வெளுக்கும். அவன் குண்டு போட்டோக்களில் பாதி அந்தச் சுருக்கத்தோடுதான் இருந்தன, அதைச் சொன்னதும், “முதல் பத்து குண்ட தூக்கிச் சட்டியிலேயே போடணுமா?” என்றான். ஆமாம், அச்சு சூடாகிற வரைக்கும் விழுவதெல்லாம் சட்டிக்குத்தான்.

ஆறவிட்டோம். தலைகீழாகக் கவிழ்த்ததும் வலை ஈயம் தானாக நழுவி விழுந்தது. வொயிட் மெட்டலை மரச்சுத்தியால் தட்ட வேண்டியிருந்தது. மைக்ரோமீட்டர் வைத்தோம். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைப் பட்டறையில் ‘தவ்’ என்போம். ஒரு அங்குலத் துளையில் இருந்து வந்த வலை ஈயம் எட்டு தவ் குறைவு. வொயிட் மெட்டல் ஐந்து தவ் குறைவு. ஆன்டிமனி கலந்தால் சுருக்கம் குறையும். அச்செழுத்தின் முனை மழுங்காமல் கூர்மையாக வருவதற்கும் அதுதான் காரணம். அந்த வேலைக்கு அது நல்ல உலோகம்.

அவன் உடனே கணக்குப் போட்டான். அதே அச்சில் கூரை ஈயம் 0.4275 வந்தால், லைனோடைப் 0.429 வர வேண்டும். குறிப்பேட்டைப் பார்த்தான். 0.429 தான். அப்புறம் அந்த 0.429-ஐ டையில் விட்டு 0.427-ஆக இறுக்கியிருக்கிறான். புத்தகத்தில் 0.427 என்று போட்டிருக்கிறதே என்பதற்காக.

“சரி, உன் குழலோட அளவு என்ன?”

“0.427.”

“அளந்தியா?”

வாய்ப்பக்கம் வெர்னியர் விட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான் வந்தது என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. குழலுக்குள் சுழல் வரிகள் இருக்கின்றன, மேடும் பள்ளமும். குண்டு அடைக்க வேண்டியது பள்ளத்தின் அடிவரைக்கும். வெர்னியரின் நாக்கு மேட்டிலும் உட்காராமல் பள்ளத்திலும் இறங்காமல் எங்கேயோ சாய்ந்து நின்று ஓர் எண்ணைக் காட்டியிருக்கும். அந்த எண் புத்தகத்தோடு ஒத்துப்போனது தற்செயல். ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அளவு

பிப்ரவரி கடைசியில் அவன் திரும்பிப் போனான். போகும்போது என் பழைய மைக்ரோமீட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மீதி எல்லாம் வாட்ஸப் வீடியோவில்.

அளக்கிற வழி பழைய வழிதான். மீன்பிடிக் கடையில் சுத்த ஈயத்தில் முட்டை வடிவ எடைக்குண்டு விற்பார்கள். குழலைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவி, வாய்ப்பக்கம் வைத்து மரக்கட்டையால் தட்டி உள்ளே இறக்கி, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான். வெளியே வரும் ஈயத்தில் குழலின் உள்வடிவம் அப்படியே பதிந்திருக்கும். பள்ளத்தின் அளவு, ஈயத்தில் மேடாக நிற்கும். இந்தக் குழலில் ஆறு வரி. இரட்டைப்படை என்பதால் எதிரெதிர் மேட்டில் மைக்ரோமீட்டர் வைத்து நேராக அளக்க முடிந்தது.

வந்த அளவு 0.4295.

இரண்டரை தவ் வித்தியாசம். மில்லிமீட்டரில் 0.06, ஒரு தலைமயிர் கனம். அந்த இடைவெளியில்தான் எல்லாம் ஓடியிருக்கிறது. ஈயம் உருக 327 டிகிரி போதும். கருமருந்தின் நெருப்பு அதைவிடப் பல மடங்கு சூடு.

இங்கேதான் கடினம் பற்றிய கேள்வி தெளிவாகிறது. மெத்தென்ற குண்டு கொஞ்சம் சின்னதாக இருந்தாலும், பின்னால் இருந்து மருந்து அறைகிற வேகத்தில் அதன் பின்புறம் நசுங்கிப் பருத்துக் குழலை அடைத்துக்கொள்ளும். அதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதற்கு வார்ப்புக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: பிரினெல் எண்ணை 1,422-ஆல் பெருக்கினால் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று வரும். சுத்த ஈயத்துக்கு 7,100 சொச்சம். லைனோடைப்புக்கு 31,000-க்கும் மேல். 44-40 தோட்டாவின் அழுத்த உச்சவரம்பே 11,000 அளவில்தான். ஆக, கூரை ஈயக் குண்டு சின்னதாக இருந்தும் பருத்து அடைத்துக்கொண்டது. லைனோடைப் குண்டு கல்லு மாதிரி அப்படியே போனது. அவனுக்கு அறிவுரை சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வைத்திருப்பது புகையில்லா மருந்து போட்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் சுடுகிற இந்தக் காலத்து ரைஃபிள். அங்கே மெத்தென்ற ஈயம் தாங்காது. 1873 அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதன் பூட்டு முழங்கால் மடக்கு மாதிரி இரண்டு இணைப்புக் கம்பிகள் நேராக நிமிர்ந்து நிற்பதால் மட்டும் தாங்குகிறது. பிறகு ஜான் பிரவுனிங் 1892 மாதிரிக்குச் செய்துகொடுத்த குறுக்குப் பூட்டின் பலம் இதற்கு இல்லை. 140 வருஷத்து இரும்பில் யாராவது அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னால், சொன்னவரையே பிடித்துச் சுடச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சோதனையும் சொன்னேன். செலவில்லாதது. லைனோடைப் குண்டை டையில் விடாமல், அச்சில் வந்த 0.429-லேயே பத்து சுட்டுப் பார். மற்றது எதையும் மாற்றாதே. சுட்டான். அறைப்பக்கத்து ஈயம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. உலோகம் அதே, மெழுகு அதே, மருந்து அதே. இரண்டு தவ் மட்டும் கூட.

மாற்றியது

புது அச்சு வாங்கினான், 0.431 விழுவது. கலவையை முப்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயமாக மாற்றினோம். கடினம் 9 பக்கம் வரும். வெள்ளீயம் கடினத்துக்காக இல்லை. ஈயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்புவதற்காக. எங்கள் பேரிங் வேலையிலும் இரும்போடு ஒட்டுவதற்கு முதலில் வெள்ளீயம் தேய்க்கிறோமே, அந்தக் குணம்தான்.

கெட்டி நீல மெழுகைத் தூக்கிப் போடச் சொன்னேன். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை, கரியும் உப்புமாக மிஞ்சும். அதில் ஒரு பகுதி குழலிலேயே தங்கிவிடும். அந்தக் கசடு காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகினால் அடுத்த குண்டுக்கு மரண அடி. கசடு ஈரமாகவே இருக்க வேண்டும் என்றால் மெத்தென்ற, பெட்ரோலிய வகையில்லாத மெழுகு வேண்டும். தேன்மெழுகும் மாட்டுக் கொழுப்பும் சமபாகம், கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். அவன் மனைவி அடுப்படியில் இதைக் காய்ச்ச விடவில்லை, தோட்டத்துக் கொட்டகையில் காய்ச்சினான். குண்டின் இடுப்பில் உள்ள மெழுகுப் பள்ளமும் புது அச்சில் இரண்டு மடங்கு அகலம்.

இத்தனையும் செய்து, 0.431 குண்டு வைத்து இருபது தோட்டா நிரப்பி, ஒரு சனிக்கிழமை சுடுகளத்துக்குப் போனான். நமக்கு ராத்திரி பதினொன்றுக்கு போன். “மாமா, தோட்டாவே உள்ள போகல.”

அது என் தப்பு. குண்டு குழலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேனே தவிர, குண்டைப் பிடித்திருக்கிற பித்தளைக் கூடு அறைக்குள் போகுமா என்று யோசிக்கவில்லை. அறையின் கழுத்து 0.427 குண்டை மனதில் வைத்துக் குடைந்தது. குண்டு பருத்தால் கூட்டின் கழுத்தும் சேர்ந்து பருக்கும். பேரிங்கில் இப்படி ஒரு தப்பை நான் செய்திருந்தால் படகுக்காரர் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சுட்டு வெளியே எடுத்த வெற்றுக் கூடு, அறையின் அளவுக்கு விரிந்திருக்கும். அதன் வாயில் புதுக் குண்டை விரலால் வைத்துப் பார். தடையில்லாமல் உள்ளே நழுவினால் இடம் இருக்கிறது. உரசினால் இல்லை. 0.431 உரசியது. 0.430 நழுவியது. சுவர் மெல்லிசான வேறு பித்தளைக் கூட்டில் இன்னும் தாராளமாக நழுவியது. 0.430 என்று முடிவாயிற்று. பள்ளத்தைவிட அரை தவ் கூட. போதும்.

அப்புறம் அந்த மருந்துக் குறைப்பு விவகாரம். இந்த ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு நீளக் குழாயில் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும், ஒரு சுருள்வில் அவற்றைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு குண்டின் மூக்கு அடுத்ததன் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் மூடியில், முட்டிக்கொண்டு இருப்பதால்தான் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். (பிரெஞ்சுக்காரர்களின் 1886 லெபெலிலும் இதே குழாய்தான், எட்டுத் தோட்டா. மச்சானின் தாத்தாக்கள் காலத்துச் சொல்தாக்களுக்கு அது பழகிய துப்பாக்கி.) பழைய 44-40 குண்டில் கூட்டின் வாயை மடித்துப் பிடிக்க ஒரு வெட்டுக்கூட இருக்காது. தேவைப்படவில்லை. கூடு நிறைய மருந்து, அதன்மேல் குண்டு உட்கார்ந்திருக்கும், பின்னால் போக இடமில்லை. மச்சான் மருந்தைக் குறைத்ததும் குண்டுக்கு அடியில் வெற்றிடம் வந்தது. வில் தள்ளத் தள்ள, குண்டு கூட்டுக்குள் போய்விட்டது. இரண்டு தோட்டாவில் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது.

இதில் இரண்டு கெடுதல். கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது, அது குழலுக்கே ஆபத்து. அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அக்காவை விட்டுத் திட்டவைத்தேன். அடுத்தது, 1873-ல் தோட்டாவைத் தூக்குவது ஒரு பித்தளைக் கட்டை, லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறும். ஒரு தோட்டாவின் நீளத்துக்குத்தான் அதில் இடம். தோட்டா குட்டையானால் அடுத்ததன் அடிப்பக்கம் கட்டைக்குள் எட்டிப் பார்க்கும். லிஃப்ட் மேலே ஏறாது, லீவர் பாதியில் நிற்கும். குறிப்பேட்டில் ‘லீவர் மாட்டுகிறது, எண்ணெய் போட வேண்டும்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தான். எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கூடு நிறையும்படி மருந்து, வாயில் மடிப்புக்கு வெட்டுள்ள புது அச்சுக் குண்டு என்று ஆனதும் அந்தக் குறை காணாமல் போயிற்று.

மாறியது, மாறாதது

ஜூனில் நாற்பது வெடி ஒரே மூச்சில் சுட்டான். நாற்பது ஓட்டையும் வட்டம். முன்பு எட்டாவது வெடிக்கே தாள் முழுக்கச் சிதறியது, இப்போது முப்பது முப்பத்தைந்து வரைக்கும் உள்ளங்கை அகலத்துக்குள். வெந்நீர் ஊற்றி நாலு துணி விட்டதும் குழல் சுத்தம். அறைப்பக்கம் ஜரிகை இல்லை. வாய்ப்பக்கம் மெழுகு நட்சத்திரம் மாதிரிப் படிந்திருக்கிறது. தீராமல் கடைசிவரை வருகிறது என்பதற்கு அது நல்ல அடையாளமாம்.

ஆனால் பத்துக்கு ஒன்று எங்கேயோ போய்க் குத்துகிறது. அதற்குக் காரணம் எனக்கு அளவு எடுத்த அன்றே தெரியும். வீடியோவில் அவன் எடைக்குண்டைத் தள்ளும்போது, “முதல் ஒரு அங்குலம் கையாலயே போற மாதிரி இருக்கு மாமா, அப்புறம்தான் இறுகுது” என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது எடைக்குண்டு ஒன்றில் முன்கூட்டியே ஒரு திருகாணி பதித்து, வாய்ப்பக்கம் ஒரு அங்குலம் மட்டும் இறக்கி, திரும்ப வெளியே இழுக்கச் சொன்னேன். 0.4305. மற்ற இடத்தைவிட ஒரு தவ் லூசு. இந்த வகை ரைஃபிளை அறைப்பக்கம் இருந்து துடைக்க முடியாது, கம்பியை வாய்வழியாகத்தான் விட வேண்டும். 140 வருஷமாக யார் யாரோ இரும்புக் கம்பியை ஓரத்தில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்திருக்கிறார்கள். நாங்கள் பார்க்கிற கிணற்று மோட்டார் புஷ்ஷில் ஒரு பக்கம் மட்டும் தேய்வதைப் போல. குண்டு வெளியேறும் கடைசி நொடியில் பிடி தளர்கிறது. அதோடு இந்தக் குழலின் திருகு 36 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 24 அங்குலக் குழலில் குண்டு முக்கால் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. இருக்கிற பிடியும் கடைசியில் நழுவினால் என்ன செய்யும்.

வாயைக் கடைந்து, தேய்ந்த ஒரு அங்குலத்தைக் குண்டு படாதபடி அகலமாக்கிவிடு, வெளியே பார்த்தால் தெரியாது என்று நான் சொல்கிறேன். கடைசல்காரன் வேறென்ன சொல்வான். 1880-களின் குழலில் கை வைக்க மாட்டேன் என்கிறான் அவன். இந்தப் பொங்கலுக்கு வந்தபோதும் இதே சண்டை, நடுவில் வஞ்சிரம் ஆறிப்போயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கிவந்தான். இனிமேலாவது கம்பி ஓரத்தில் உரசாமல் நடுவில் போக, குழல் வாயில் மாட்டுகிற ஒரு பித்தளைக் கூம்பு. நான் படம் வரைந்து அளவு போட்டு அனுப்பினேன், அங்கேயே ஒரு லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி. போன வாரம் போட்டோ வந்தது. பளபளவென்று இருக்கிறது. கம்பி போகிற துளையை அளந்து அனுப்பச் சொன்னேன். மூன்று தவ் லூசு.